ஒன்றரை மணிக்குப் பிறகு: ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியையின் மேற்படிப்பும் இரண்டு பிள்ளைகளும்

யாழ்ப்பாணத்தில் பொம்பிளைப் பிள்ளைக்கு எந்த வேலை நல்லது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் 'ரீச்சர் வேலை' என்பார்கள். காரணமும் கூடவே வரும்: காலை 7.30க்குப் பள்ளிக்கூடம், 1.30க்கு மணி அடித்துவிடும், பின்னேரம் பிள்ளைகளோடு நிற்கலாம், தவணை லீவும் இருக்கிறது. அந்தப் பெண் 1.30க்கு மேல் ஒன்றுக்கும் ஆசைப்படாத வரைக்கும் இந்தக் கணக்குச் சரியாகத்தான் வரும்.

ஆசைப்பட்ட ஒரு கணித ஆசிரியையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். முன்பு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம், ரீச்சர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பின்னணி

ரீச்சருக்கு வயது 35. கோண்டாவிலில் சீதனமாகக் கிடைத்த வீடு. எங்கள் ஊர் வழமைப்படி வீடு மகளுக்குத்தான் போகும். அதனால் கலியாணத்துக்குப் பிறகும் பெண் பெரும்பாலும் தாயோடு, இல்லாவிட்டால் தாய்க்கு அடுத்த வளவில் இருப்பாள். வேலைக்குப் போகிற தாய்க்கு இது பெரிய பலம். என்றைக்கும் இருக்கிற பலம் என்பதால் அதை யாரும் ஒரு கணக்காக எடுப்பதில்லை. பின்னால் வந்த சிக்கல் முழுக்க இந்த இடத்திலிருந்துதான் வந்தது.

கணவருக்குக் கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. 60 கிலோமீற்றருக்கு மேல் பயணம். காலை 6 மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் இரவு 7 மணியளவில்தான் திரும்புவார். நான் சொல்லும் காலத்தின் தொடக்கத்தில் மகளுக்கு 4 வயது, மகனுக்கு ஒன்றேகால். ரீச்சரின் பாடசாலை தீவக வலயத்தில், ஊர்காவற்றுறைப் பக்கம். 6.30க்கு ஸ்கூட்டியில் ஏறினால்தான் 7.20க்குப் போய்ச் சேரலாம். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. சோழகம் வீசும் மாதங்களில் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கார்த்திகை மழை நாட்களில் மாற்றுச் சேலை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். கஷ்டப் பிரதேச சேவை முடியாமல் ஊர்ப் பக்கம் இடமாற்றம் கேட்க முடியாது.

அவருக்கு இருந்த ஆசை இலங்கை ஆசிரியர் கல்வியியலாளர் சேவைக்குள் போகவேண்டும், கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற ஓர் இடத்தில் கணித விரிவுரையாளராக வேண்டும் என்பது. சம்பளமும் பதவியும் வேண்டாமென்று சொல்லமாட்டார், ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. பின்னம் என்றால் என்னவென்று விளங்காமலே தரம் 9 வரை வந்துவிட்ட பிள்ளைகளைத் தீவுப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார். "நான் முப்பது பிள்ளைக்குப் படிப்பிக்கிறன். முப்பது ரீச்சர்மாருக்குப் பின்னம் எப்பிடிப் படிப்பிக்கிறதெண்டு பழக்கினால் எத்தினை பிள்ளையளுக்குப் போய்ச் சேரும், யோசிச்சுப் பாருங்கோ" என்று என்னிடம் சொன்னார். அதற்கு முதல் படி முதுகல்விமாணிப் பட்டம். இரண்டு வருடப் படிப்பு, சனி ஞாயிறு வகுப்பு.

அம்மா இருந்த காலம்

படிப்புத் தொடங்கியபோது எல்லாம் ஓடியது. ஓட வைத்தவர் ரீச்சரின் அம்மா. நாலரைக்கு எழும்பிப் புட்டு அவிப்பார். பேத்தியை முன்பள்ளிக்கு வெளிக்கிடுத்துவார். சின்னவனுக்குச் சோறு குழைத்துத் தீத்துவார், குளிக்க வார்ப்பார், நித்திரையாக்குவார். கிளினிக் நாளில் துண்டோடு போய் வரிசையில் நிற்பதும் அவர்தான். சனி ஞாயிறுகளில் ரீச்சர் வகுப்புக்குப் போய் மாலை வரும்போது பிள்ளைகள் கால் முகம் கழுவி, சாப்பிட்டு, படிக்கிற மேசையில் இருப்பார்கள்.

சட்டம் கொடுப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அரச சேவையில் இருக்கும் தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் லீவு, அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாள், அதற்கும் பின் சம்பளமில்லாமல் 84 நாள். தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு லீவைப் பாதியாக வெட்டும் ஏற்பாடு முன்பு இருந்தது, 2018இல் செய்த திருத்தத்தோடு அது போய்விட்டது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அரச சேவையில் தகப்பனுக்கு எத்தனை நாள் தெரியுமா? மூன்று. தனியார் துறைத் தகப்பனுக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. பிள்ளையைப் பார்ப்பது யார் பொறுப்பு என்பதைப் பிறந்த வாரத்திலேயே நாட்டின் சட்டம் எழுதிவைத்துவிடுகிறது. குடும்பங்கள் அதற்குப் பிறகு அப்படியே பழகிக்கொள்கின்றன.

கனடா விசா

ரீச்சரின் அண்ணா ஸ்காபரோவில் இருக்கிறார். இரண்டு வயதில் ஒரு பிள்ளை, அண்ணிக்கு அடுத்த பிள்ளையும் கிடைக்க இருந்தது. அம்மாவுக்குச் சுப்பர் விசா வந்தது, பிள்ளைகளிடம் போய் நிற்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற விசா. அந்த விசாவில் 2022 முதல் ஒரு தடவை போனால் 5 வருடம் வரை நிற்கலாம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். ரீச்சருக்கும் சந்தோசம்தான், அதை ஒளிக்காமல் சொன்னார்.

அம்மா போனால் படிப்பு என்னவாகும் என்ற கேள்வியை அந்த நாட்களில் ஒருவரும் எழுப்பவில்லை. அண்ணாவோடு வட்ஸ்அப்பில் மணிக்கணக்கில் கதைத்தார்கள். என்ன உடுப்பு எடுப்பது, குளிருக்கு என்ன போடுவது, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. கடைசி வாரத்தில் ரீச்சர்தான் மெல்லக் கேட்டார். "ஒரு வருசம்தானே பிள்ளை, படிப்பு எங்கை ஓடிப்போகுது? பிறகு படிக்கலாம்" என்றார் அம்மா. அன்பில்லாமல் சொன்னதில்லை. பேத்தியையும் பேரனையும் விட்டுப் போகிறேனே என்று அழுதவர் அவர். ஆனால் மகளின் படிப்பு அவருக்குத் தள்ளி வைக்கக்கூடிய ஒன்றாகவே பட்டது.

அண்ணியின் மேலும் இதில் பிழை இல்லை. அவரும் வேலைக்குப் போகிற தாய்தான். அங்கே இரண்டு பிள்ளைகளுக்கு டே கெயார் போட்டுக் கட்டுபடியாகாது என்பதும் உண்மை. இரண்டு நாடுகளில் இரண்டு தாய்மாரின் தொழில், அறுபது வயது தாண்டிய ஒரே அம்மாவின் மேல் நின்றது. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் விழும். இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வெளிநாட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போன அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று விசாரிக்கிறோம். அவர்கள் விட்டுப்போன வீட்டில் என்ன நின்றுபோனது என்று யாரும் விசாரிப்பதில்லை.

செய்து பார்த்தவை

முதலில் பருத்தித்துறையிலிருந்து மாமி, கணவரின் தாய், வந்து நின்றார். மாமிக்கு முழங்கால் வருத்தம், ஓடித் திரிகிற பிள்ளைக்குப் பின்னால் அவரால் ஓட முடியவில்லை. அவருடைய வீட்டில் மாடும் தோட்டமும் பார்க்க ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் திரும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகும்போது சொன்ன ஒரு சொல் மட்டும் ரீச்சரை அறுத்தது: "பிள்ளையள் வளர்ந்தாப் பிறகு படிக்கிறதுக்கென்ன, இப்ப என்ன அவசரம்?" இந்தக் கேள்வியை மாமி தன் மகனிடம் ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார். அவர் வங்கிப் பரீட்சைகள் எழுதியதும் இதே பிள்ளைகள் சின்னனாக இருந்த நேரத்தில்தான்.

வீட்டோடு நிற்க ஆள் தேடினார்கள், சரிவரவில்லை. அப்புறம் டே கெயார். கொக்குவில் பக்கத்தில் நல்ல இடம் ஒன்று கிடைத்தது, துப்புரவான இடம், பார்க்கிற ஆட்களும் பொறுமையானவர்கள். 7.30க்குத் திறந்து 5 மணிக்குப் பூட்டுவார்கள். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும், ஞாயிறு இல்லை. 7.30க்கு ரீச்சர் தீவில் காலைப் பிரார்த்தனையில் நிற்கவேண்டும். கணவர் ஆனையிறவை நெருங்கிக்கொண்டிருப்பார். டே கெயாரின் நேரம் நகரத்துக்குள் எட்டரைக்கு அலுவலகம் போகிறவர்களுக்காக வைத்தது. தீவுக்கும் வன்னிக்கும் விடிய வெளிக்கிடுகிற ஆசிரியைமாரும் தாதிமாரும் இங்கே எவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து அந்த நேரத்தை வைத்ததாகத் தெரியவில்லை.

சில வாரம் ரீச்சர் பிந்திப் போனார். இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்தது. பாடசாலையில் 1.30க்குப் பிறகு வைத்த கூட்டங்களுக்கு நிற்க முடியவில்லை. 'ரீச்சருக்கு இப்ப பள்ளிக்கூடத்தில் அக்கறை இல்லை' என்ற கதை வந்தது. சனி வகுப்புகள் சிலவற்றைத் தவறவிட்டார், ஒப்படைகள் பிந்தின. படிப்பை ஒத்திவைக்கக் கடிதம் எழுதி மேசையில் வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுத்தார்.

ஒரு கொப்பித் தாள்

அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும், கணவரும் சேர்த்துத்தான், ஒரு நாற்பதுப் பக்கக் கொப்பியில் ஏழு நாளுக்கும் கோடு போட்டு மணித்தியாலம் மணித்தியாலமாக எழுதினோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே, யார் கையில்? வேறு ஒரு கேள்வியும் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். ஆசை, கடமை, ஊர்வாய் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுக் கதைத்தால் இரவு முழுக்கக் கதைக்கலாம், விடிந்ததும் 6.30க்குப் பிள்ளையை யார் வைத்திருப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எழுதி முடித்தபோது கண்ணுக்குத் தெரிந்தது சின்ன விசயம். வார நாட்களில் ஓட்டை ஒரு மணித்தியாலம் மட்டும்: 6.30 முதல் 7.30 வரை. மற்ற நேரமெல்லாம் முன்பள்ளியும் டே கெயாரும் பார்த்துக்கொள்ளும். ரீச்சர் 2.20க்கு வீட்டுக்கு வந்துவிடுவார். பெரிய ஓட்டை சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் வீட்டில் ஓர் ஆள் இருந்தார், பிள்ளைகளின் தகப்பன். அதுவரை யாருடைய கணக்கிலும் அவர் வரவில்லை. மாமியைக் கூப்பிட்டார்கள், ஆள் தேடினார்கள், படிப்பை நிறுத்தும் வரைக்கும் போனார்கள். சனிக்கிழமை காலையில் முற்றத்தில் மோட்டச்சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவரை ஒருவரும் நினைக்கவில்லை. அவரும் தன்னை நினைக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சனி ஞாயிறு நான் பாக்கிறன், நீர் போய்ப் படியும்" என்றார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதருக்கும் யாராவது தாளை முன்னால் வைக்கவேண்டியிருந்தது.

காலை ஒரு மணித்தியாலத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா சம்மதித்தார். பிள்ளைகள் லண்டனில், தனியாக இருக்கிறவர். சம்பளம் என்ற பேச்சை எடுத்ததும் கோபித்துவிட்டார். "உன்ரை பிள்ளையளைப் பாக்கக் காசு வாங்கிறதோ? விசர்க் கதை கதையாதை." ரீச்சருக்கு அது மகிழ்ச்சி, எனக்குப் பயம். சும்மா செய்கிற உதவி எத்தனை நாளுக்கு நிற்கும்? கோயில் திருவிழா வந்தால், காய்ச்சல் வந்தால், மனக்கசப்பு வந்தால் யாரிடம் கேட்பது? கடைசியில் ஒரு வழி வந்தது. அக்கா மாதம் 10,000 ரூபா சீட்டுக் கட்டுகிறவர். அந்தச் சீட்டை இனி ரீச்சர் கட்டுவது என்று முடிவாகியது. கையில் காசு கொடுக்கவில்லை, ஆனால் பொறுப்பு இரண்டு பக்கமும் வந்துவிட்டது. அக்காவுக்கு இயலாத நாளை முதல் நாள் இரவே சொல்லிவிடுவார், அன்றைக்குக் கணவர் பிந்திய பஸ்ஸில் போவார். 7.20க்கு அக்கா இரண்டு பேரையும் ஓட்டோவில் ஏற்றி டே கெயார் வாசல்வரை கூட்டிக்கொண்டு போவார். மகளை அங்கிருந்து முன்பள்ளிக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவருவது டே கெயார் ஆட்களின் வேலை.

டே கெயார், ஓட்டோ, சீட்டு மூன்றும் சேர்த்தால் ரீச்சரின் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். 'மனுசி உழைக்கிறது பிள்ளை பாக்கிறதுக்கே சரி' என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். பிள்ளை பார்க்கும் செலவை ஏன் தாயின் சம்பளத்தில் மட்டும் கழிக்கவேண்டும்? பிள்ளை இரண்டு பேருக்கும் பிள்ளை. வீட்டு வருமானத்திலிருந்து பொதுச் செலவாக எடுத்தால் அந்தக் கேள்வியே எழாது. இதை அவர்கள் மாற்றி எழுதிய நாளிலிருந்து ரீச்சர் தன் படிப்பைக் குற்ற உணர்வோடு கதைப்பது குறைந்ததைக் கண்டேன்.

சரிவராதவை

எல்லாம் நேராகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். முதல் சில வாரம் தகப்பனிடம் சின்னவன் சாப்பிடவில்லை. கணவரின் உறவினர் ஒருவர் வந்து, 'ஆம்பிளை இருந்து சோறு தீத்திறான்' என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். இரவு 9 மணிக்குப் பிள்ளைகள் படுத்த பிறகு 11 வரை படிப்பது என்று வைத்த திட்டம் பாதி நாள் நித்திரையில் போனது. ரீச்சருக்கு இரத்தச்சோகை என்று வைத்தியர் சொன்னார். விடியற்காலையும் இரவும் இரண்டு பக்கமும் எரித்தால் உடம்பு தாங்காது. அதன்பின் ஒரு தவணைக்குப் பாடங்களைக் குறைத்து எடுத்தார். மகள் தரம் 1க்குப் போனபோது எழுத்துக் கூட்டப் பிந்தினாள். 'தாய் படிக்கப் போனா பிள்ளை இப்பிடித்தான்' என்ற சொல் வரத் தாமதிக்கவில்லை. பிள்ளை அரை வருடத்தில் மற்றவர்களோடு சேர்ந்துவிட்டாள். அதைச் சொல்ல ஒருவரும் வீடு தேடி வரவில்லை.

இன்னொரு தாய், வேறொரு கையெழுத்து

ரீச்சரோடு படித்த ஒருவர் சுன்னாகம் பக்கத்தில் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்காய்ப் பணியாரம் செய்து விற்கிறார். மூன்று பிள்ளைகள், கணவர் கட்டாரில். அரைக்கிற மெசின் வாங்க வங்கிக் கடன் கேட்டார். வீடு அவருடைய பெயரில், அவருடைய சீதனம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கட்டாரிலிருந்து கடிதம் வந்து சேரும்வரை மெசின் இல்லை, தைப்பொங்கல் கால வியாபாரம் போனது. ரீச்சருக்கு நேரம் தட்டுப்பட்டது, இவருக்குக் கையெழுத்து. கணவர் காணாமல் போன, அல்லது பிரிந்துபோன பெண்கள் இந்தக் கையெழுத்துக்கு எங்கே போவார்கள்? வடக்கில் அப்படித் தனியே குடும்பம் நடத்துகிற பெண்கள் கொஞ்சமல்ல. இந்தச் சட்டப் பிரிவை இன்னும் வைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

என் கணிப்பு

உடுவில் மகளிர் கல்லூரி தொடங்கியது 1824இல். பெண்ணைப் படிப்பிக்கிறதில் எங்களுக்கு இருநூறு வருடப் பழக்கம். 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர் வசந்தி அரசரத்தினம் முதலாவது பெண் துணைவேந்தராக வந்தார். நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் 60 வீதத்துக்கு மேல் பெண்கள். அதே நாட்டில் வேலைச் சந்தையில் இருக்கிற பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஆண்கள் பத்துக்கு ஏழு. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இவ்வளவு பேர் எங்கே நின்றுவிடுகிறார்கள்? ரீச்சரின் கொப்பித் தாளைப் பார்த்த எனக்கு ஒரு பதில் தெரியும்: காலை 6.30க்கும் 7.30க்கும் நடுவில்.

ஆகவே இதை மனவலிமைக் கதையாக எடுத்துக்கொண்டு, 'அவவைப் பாருங்கோ, எவ்வளவு கெட்டிக்காரி' என்று மற்றத் தாய்மாருக்குச் சொல்லிவிடாதீர்கள். ரீச்சருக்குச் சொந்த வீடு இருந்தது, நல்ல கணவர் இருந்தார், அக்கா இருந்தார். அப்படியிருந்தும் கடிதம் மேசைக்கு வந்துவிட்டது. இவை இல்லாதவர்களுக்கு ஊர் ஏதாவது செய்யவேண்டும். செய்யவும் முடியும். ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, பலவற்றில் முன்பள்ளியும் நடக்கிறது. மத்தியானத்தோடு பிள்ளைகள் போனதும் அந்தக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கும். காலை 6.15க்குத் திறந்து, சனிக்கிழமையும் நடத்தினால், சம்பளத்துக்கு இரண்டு பேரை வைத்தால் போதும். பிரதேச சபை ஒன்று இதற்கு வருடத்துக்கு ஒதுக்கவேண்டிய காசு ஒரு ஒழுங்கைக்குத் தார் போடுகிற காசைவிட அதிகமாகாது என்பது என் எண்ணம். பாடசாலைகளும் 1.30க்குப் பிறகு வைக்கும் கூட்டத்தை இரண்டு வாரம் முன்னதாக அறிவிக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

இப்போதைய நிலை

ரீச்சர் பாடங்களை முடித்துவிட்டார், ஆய்வுக் கட்டுரை நடக்கிறது. தீவக வலயப் பாடசாலைகளில் தரம் 6இல் பின்னம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதுதான் தலைப்பு. அம்மா சித்திரையில் வருகிறார். காலையில் அக்கா வரும் ஏற்பாட்டை மாற்றுவதில்லை என்று ரீச்சர் போனில் சொன்னபோது அம்மாவுக்கு மனம் நொந்தது. "அப்ப நான் என்னத்துக்கு?" என்றாராம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

தரவு எடுக்க நெடுந்தீவுக்கும் போகவேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம், ஒரே நாளில் இரண்டு பாடசாலை பார்த்துத் திரும்ப முடியாது. ஓர் இரவு அங்கே தங்கவேண்டியிருக்கும். சின்னவன் பிறந்ததிலிருந்து தாய் இல்லாமல் இரவு படுத்ததில்லை. அந்த இரண்டு நாளுக்கும் கணவர் வங்கியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.